கேத்தல் படிவும் நாற்பது சட்டித் தயிரும்

முல்லைத்தீவு,
ஞாயிற்றுக்கிழமை, காலைத் தேத்தண்ணீருக்குப் பின்.

எனது மனைவியின் தம்பியும், புத்தளத்தின் விஞ்ஞான ஆசிரியரும், கேளாமலே புத்தி சொல்வதில் வல்லவருமாகிய மச்சினன் றஸ்மி அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே மனிதர், எருமை, கோழி அனைவரும் சுகம். அங்கேயும் அவ்வாறே இருக்க வேண்டுமென்று ஐந்து நேரமும் துஆச் செய்கிறேன். நீர் என்னைப் பற்றிப் பேசியதற்குப் பிறகும் செய்கிறேன் என்பதைத் தயவுசெய்து கவனத்திற் கொள்ளவும்.

உமது குரல் பதிவுகள் ஏழும் மகன் சிறாஜின் தொலைபேசி ஊடாகக் கிடைக்கப்பெற்றன. அவற்றுக்குக் குரலிலேயே பதில் அனுப்பலாம் என்று அவன் சொன்னான். முப்பத்தாறு வருஷம் தபால் திணைக்களத்தில் சேவை செய்து, தபாலதிபராக ஓய்வு பெற்றவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? குரல் காற்றோடு போய்விடும். கடிதம் அலுமாரியில் இருக்கும், பிறகு நான் அப்படிச் சொல்லவில்லையே என்று ஒருவரும் மழுப்ப முடியாது. ஆகையால் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளவும்.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற மாதம் நீர் இங்கே வந்திருந்தபோது, உமது ராத்தாவான என் மனைவி சபூறா உமக்கு முன்னால் ஒரு சட்டி தயிர் வைத்தாள். என்னுடைய எருமைகளின் பாலில், என் கையால் உறை வைத்த தயிர். நீர் கரண்டியை உள்ளே விட்டீர், எடுத்தீர், பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டியைத் தூக்கி வாயில் வைத்துக் குடித்தீர். குடித்துவிட்டு, “மச்சான், இதைக் கிளாசில தந்திருக்கலாமே” என்றீர். அதையும் பொறுத்தேன். மச்சினன் என்றால் கொஞ்சம் வாய் இருக்கத்தான் செய்யும். ஆனால் அதன் பிறகு சொன்னீரே ஒன்று: “இந்த மண்ணில பால்கூட உறையாது மச்சான். எருமைகளை வித்துப்போட்டு ராத்தாவைக் கூட்டிக்கொண்டு புத்தளம் வாங்கோ. மேல்மாடி அறை சும்மாதான் கிடக்கு.” தொண்ணூறாம் ஆண்டு எங்கள் சனத்தை வெளியேற்றியபோது உடுத்த துணியோடு இந்த மண்ணை விட்டுப் புத்தளம் போய், ஏழு வருஷத்துக்கு முன்னர் ஓய்வூதியத்தோடு திரும்பி வந்து, கிணறு இறைத்து, பற்றை வெட்டி, எட்டு எருமை வளர்ப்பவனிடம் இந்த மண்ணில் பால்கூட உறையாது என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? இரத்தம் கொதித்தது. கொதித்த வேகத்தில் நானும் ஒரு சொல்லை விட்டேன். கடற்கரையில் மீன்பிடிக்கும் என் கூட்டாளி மரியநேசனின் மகள் ஜெயரூபினிக்கு அடுத்த மாதம் கலியாணம், அந்தப் பந்திக்கு நாற்பது சட்டி தயிர் நான் கொடுக்கிறேன், ஒரு சட்டி உறையாவிட்டாலும் எருமைகளை விற்றுவிட்டு நீர் அனுப்பும் லொறியில் நானே சாமானை ஏற்றுகிறேன் என்றேன். நீரும் சிரித்துக்கொண்டே கை தந்தீர். சபூறா சமைத்துக்கொண்டிருந்த குசினியில் ஏதோ ஒரு மூடி கீழே விழுந்த சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து நேற்று வரைக்கும் நடந்தவற்றை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன். நான் உண்மை எழுதுபவன்.

முதலில் நான் காய்ச்சியது பற்றி. பால் பொங்கினால் இறக்க வேண்டும். இது நான் பிறந்த காலத்திலிருந்து உலகத்துக்குத் தெரிந்த நியாயம். பொங்கியது, இறக்கினேன், ஆறவிட்டு உறைமோர் ஊற்றினேன், மறுநாள் சட்டியைத் திறந்தால் கஞ்சித் தண்ணீர். உடனே உமது மூன்றாவது குரல் பதிவு வந்து சேர்ந்தது. “பாலில இருக்கிற புரதம் வலை மாதிரிப் பின்னோணும் மச்சான். அதுக்குப் பொங்கினது காணாது. கொதிநிலைக்குக் கிட்ட ஒரு கால்மணித்தியாலம் எண்டாலும் கிண்டிக் கிண்டி வச்சிருக்கோணும்.” சரி, வலையென்றால் மரியநேசனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பின்னட்டும் என்று பானையை அடுப்பில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்து பத்திரிகை பார்த்தேன். கிண்டுவதை மறந்தேன் என்று நீர் சொல்லக்கூடும். மறக்கவில்லை. ஆசிரியர் தலையங்கம் நீளமாக இருந்தது. குசினிப் பக்கமிருந்து புகை வந்தபோது அரைக்கால்மணித்தியாலம்தான் ஆகியிருந்தது. அந்தப் பாலில் உறை வைத்த தயிர் ஓரளவு உறைந்தது, ஆனால் சுட்ட தேங்காய்ச் சிரட்டை மாதிரி மணந்தது. சபூறா இரண்டு நாள் சாம்பலும் தும்பும் போட்டுப் பானையின் அடியைத் தேய்த்தாள். அவள் பேசாமல் தேய்ப்பது பேசுவதை விடக் கூடுதல் சத்தம்.

அடுத்தது சூடு. காய்ச்சிய பாலை மிதமான சூட்டுக்கு ஆறவிட்டுத்தான் உறை ஊற்ற வேண்டும், சூடு கூடினால் உறையில் உள்ள கிருமி செத்துவிடும் என்று நீர் நான்காவது பதிவில் பாடம் நடத்தினீர். அதற்கொரு வெப்பமானியும் பார்சலில் அனுப்பினீர். பார்சலைப் பெற்றுக்கொண்டேன், பிரிக்கவில்லை. எனக்கு எதற்குக் கண்ணாடிக் குழாய்? அல்லாஹ் தந்த விரல் இருக்கிறது. விரலைப் பாலுக்குள் விட்டேன், இளஞ்சூடாகத்தான் இருந்தது, உறை ஊற்றினேன். மறுநாள் பார்த்தால் பால் பாலாகவே இருந்தது. மூன்று நாள் தொடர்ந்து இப்படி. மூன்றாம் நாள் சபூறா நான் விரல் விட்ட அதே பாலுக்குள் தன் விரலை விட்டாள். “உம்மோ!” என்று கத்திக்கொண்டு கையை உதறினாள். “இது இளஞ்சூடா? உங்கட விரலுக்கு என்ன வருத்தம்?” என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கே விளங்கியது. முப்பத்தாறு வருஷம் தினமும் தபாற் பைகளுக்கு அரக்கு உருக்கி முத்திரை வைத்த விரல் இது. உருகிய அரக்கு வழிந்து வழிந்து நுனி மரத்துப் போய்விட்டது. நாட்டுக்குச் சேவை செய்ததால் தயிர் உறையவில்லை என்றால் அது நான் வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல. அரசாங்கம் வெட்கப்பட வேண்டும். அதற்குப் பிறகு இடது கைச் சுண்டுவிரலைப் பாவித்தேன், அது அரக்குப் படாத விரல் என்று நினைத்தேன்.

இனி ஐந்தாவது குரல் பதிவுக்கு வருகிறேன். அதில் நீர், “கல்சியமும் முக்கியம் மச்சான், பால் இறுகிறதுக்குக் கல்சியம் வேணும்” என்றீர். அந்த இடத்தில் பதிவை நிறுத்திவிட்டேன். அதற்குமேல் உமது குரலைக் கேட்க எனக்குப் பொறுமையில்லை. அதற்குமேல் கேட்கவும் என்ன இருக்கிறது? கல்சியம் வேண்டும், அவ்வளவுதானே. கல்சியத்துக்கு நான் எங்கே போவேன் என்று யோசித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். அலுமாரியின் மேல் தட்டில் ஒரு பை இருந்தது. மகன் சிறாஜின் மனைவி நஸீஹா ஆறு மாதக் கர்ப்பிணி என்பது உமக்குத் தெரியும். கிளினிக்கில் அவளுக்கு மாதா மாதம் குளிசை கொடுப்பார்கள். உறையில் ‘கல்சியம்’ என்று மிஷின் எழுத்தில் தெளிவாக இருந்தது. அரசாங்கமே பாலுக்கென்று அனுப்பி வைத்தது போல எனக்குப் பட்டது. நாற்பது குளிசையை அம்மியில் வைத்துப் பொடியாக்கினேன். பக்கத்தில் இன்னொரு சின்ன உறையில் மஞ்சள் குளிசை இருந்தது. அதுவும் சத்துத்தானே, தனியாக விடுவானேன் என்று அதிலும் ஒரு பிடி சேர்த்தேன். அது வைற்றமின் சீயாம். புளிப்பாம். எனக்கு எப்படித் தெரியும்? பாலில் போட்டு அடுப்பில் வைத்தேன், சூடேற ஏறப் பால் திரண்டது, எனக்கு ஒரே சந்தோஷம், உறை வைக்க முதலே உறைகிறதே, இது அல்லாஹ்வின் பரக்கத் என்று சபூறாவைக் கூப்பிட்டேன். அவள் வந்து பார்த்த நேரம் பானைக்குள் ஒரு பக்கம் மஞ்சள் தண்ணீர், ஒரு பக்கம் குருணிக் குருணியாக வெள்ளைக் கட்டி. “இது உறையேல்ல, உடைஞ்சு போச்சு” என்றாள். அவளுடைய வழக்கம் அது, எதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவாள்.

அடுத்த நாள் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் பிரஷாந்தினி, அதாவது மிட்வைஃப், மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கொப்பியைத் திறந்து, நஸீஹாவிடம் குளிசைகளைக் கொண்டுவரச் சொல்லி எண்ணினார். எண்ணிவிட்டு இன்னொரு தரம் எண்ணினார்.

“என்ன பிள்ளை, ஒரு மாசக் கல்சியத்தை ஒரு கிழமையில குடிச்சு முடிச்சிட்டீரோ?”

நஸீஹா நல்ல பிள்ளை. மாமனாரைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் நிலத்தைப் பார்த்தது. நானே முன்னால் வந்து, “அது பாலுக்குப் போட்டது” என்றேன்.

“பாலுக்கோ? ஆர் பாலுக்குக் கல்சியம் போடுறது? போஸ்ற் மாஸ்ரர், பாலில இருந்துதான் மற்ற ஆக்களுக்குக் கல்சியம் வாறது!”

“விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் சொன்னவர்” என்றேன். உமது பெயரைச் சொல்லவில்லை, உமது மரியாதையைக் காப்பாற்றினேன்.

“அவரையும் ஒருக்கா கிளினிக்குக்கு வரச் சொல்லுங்கோ” என்றார். பிறகு கொப்பியில் சிவப்புப் பேனையால் ஏதோ எழுதினார். ‘மாமனார் கவனிக்கப்பட வேண்டும்’ என்று எழுதியிருப்பதாக நஸீஹா பிறகு வாசித்துச் சொன்னது. நாற்பது குளிசையையும் நானே மருந்துக்கடையில் வாங்கி வைத்தேன், பிள்ளையின் எலும்பில் நான் கை வைக்க மாட்டேன்.

குளிசை போனால் என்ன, கல்சியம் என்ன கிளினிக்கில் மட்டுமா இருக்கிறது? அன்று பின்னேரம் தேத்தண்ணீர் ஊற்றும்போது கேத்தலுக்குள் பார்த்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும், நாளாக ஆகக் கல்லாகிவிடும், உமக்குத் தெரியும், நீரே “ராத்தா, இந்தத் தண்ணியைக் குடிச்சா வயித்துக்குள்ள சுவர் எழும்பும்” என்று பகிடி விட்டவர். அது என்ன? கல்சியம்! வன்னி மண்ணின் சுத்தக் கல்சியம்! கடைக்காரனும் வேண்டாம், அரசாங்கமும் வேண்டாம். இந்த மண்ணில் பால் உறையாது என்றீர், இந்த மண்ணே எழுந்து வந்து பாலை உறைய வைக்கும் என்று எனக்குப் பட்டது, மயிர்க்கூச்செறிந்தது என்றுகூடச் சொல்லலாம். கத்தியால் சுரண்டினேன், எங்கள் கேத்தலைச் சுரண்டி முடித்துப் பக்கத்து வீடுகளின் கேத்தல்களையும் இரவல் வாங்கிச் சுரண்டினேன், கேத்தலைச் சுத்தமாக்கித் தந்ததற்கு ஒரு வீட்டார் பணியாரமும் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் இடித்து, சபூறாவின் பழைய துப்பட்டாவில் சலித்து, போத்தலில் அடைத்து, ‘வன்னிக் கல்சியம்’ என்று துண்டும் ஒட்டினேன்.

முதல் தரம் மூன்று கரண்டி போட்டேன். தயிர் அரைவாசிதான் உறைந்தது, வாயில் வைத்தால் பல்லுக்குள் நறநறவென்றது, புளிக்கவே இல்லை. நஸீஹா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “மாமா, சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்ச மணம்” என்றது. கர்ப்பிணிகளுக்கு வாய் ஒரு மாதிரி இருக்கும், அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அளவு கூடிவிட்டது, அவ்வளவுதான். ஒரு கரண்டியாகக் குறைக்கத் தீர்மானித்தேன்.

இந்த நேரத்தில்தான் உமது ராத்தா ஒரு புதுக் குழப்பத்தைக் கொண்டுவந்தாள். என் எருமைகளுக்கு நான் வைத்த பெயர்கள் உமக்குத் தெரியும்: தந்தி, மணியோடர், முத்திரை இப்படி. அவற்றில் பார்சல் என்பவள்தான் உடம்பில் பெரியவள், பாலும் அவளே கூடத் தருபவள். ஒரு நாள் காலை சபூறா கறந்து கொண்டுவந்து, “பார்சலின்ட பால் உப்புக் கரிக்குது. மடியில ஒரு பக்கம் சூடாவும் இருக்கு. அவளுக்கு மடிவருத்தம், அந்தப் பாலைச் சேத்தாத் தயிர் உறையாது” என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. குடும்பத்தில் நன்றாக உழைப்பவரைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். “முல்லைத்தீவில கடற்காத்து அடிக்குது, உப்பு இல்லாம சீனியோ இருக்கும்?” என்று கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு பார்சலைப் பற்றிப் பேச்சு எடுக்கவில்லை. நான் சொன்ன நியாயம் விளங்கியிருக்க வேண்டும்.

கலியாணம் சனிக்கிழமை. அதாவது நேற்று. உமது ஏழாவது பதிவு வியாழக்கிழமை வந்தது: “மச்சான், லொறிக்காரரிட்டச் சொல்லியாச்சு, வாற புதன்கிழமை வருவார்.” உமது அவசரத்தைப் பாரும்! தயிர் உறை வைக்க முதலே லொறிக்குச் சொல்லிவிட்டீர். வெள்ளிக்கிழமை காலை பிஸ்மில்லாஹ் சொல்லிப் பெரிய பானையில் பாலைக் காய்ச்சினேன். பொங்கியது, இறக்கினேன். ஆறவிட்டேன். இடது கைச் சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, “சரி” என்றேன். ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டதால் உறைமோரையும் வன்னிக் கல்சியம் ஒரு கரண்டியையும் சபூறாவிடம் கொடுத்து, கலக்கிச் சட்டிகளில் ஊற்றி, கடதாசி போட்டுக் கட்டி வைக்கச் சொல்லிவிட்டு கை கால் கழுவி வுளூ எடுக்கப் போனேன். பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் முழுக்க என் மனம் சட்டிக்குள்ளேயே இருந்தது, அல்லாஹ் மன்னிக்க வேண்டும். ஒரு சட்டி உறையாவிட்டாலும் புதன்கிழமை லொறி. மணியோடரை யாருக்கு விற்பது, தந்தி புதியவர் கையில் கறப்பாளா என்றெல்லாம் யோசனை வந்தது. சுஜூதில் நிலத்தில் நெற்றியை வைத்தபடி, யா அல்லாஹ், நான் செய்ததைப் பார்க்காதே, பாலைப் பார் என்று கேட்டேன்.

சனிக்கிழமை காலை மரியநேசன் தன் மீன் பெட்டிகளைக் கழுவி, அடியில் மணல் பரப்பிக் கொண்டுவந்தான். சட்டிகளைக் குலுக்காமல் அடுக்கிக் கொண்டுபோய்க் கலியாணக் கொட்டகையில் இறக்கினோம். பந்தி முடிகிற நேரம், நானே போய் முதல் சட்டியின் நூலை அறுத்தேன். கடதாசியைத் தூக்காமல் நான் துஆ ஓதிக்கொண்டு நின்றதை மரியநேசன் கண்டுவிட்டான். சட்டியை என்னிடமிருந்து பறித்தான், கடதாசியை உரித்தான், உள்ளே பார்த்தான், பிறகு எல்லோரும் பார்க்கத் தன் புதுச் சேட்டுக்கு மேலே, தன் தலைக்கு நேரே, சட்டியைக் கவிழ்த்துப் பிடித்தான். அவன் மனைவி புனிதம் “ஐயோ, சேட்டு!” என்று கத்தினார். ஒரு துளி விழவில்லை. கொட்டகை முழுக்கக் கைதட்டல்.

“மாஸ்ரர், இது தயிரோ சீமெந்தோ?” என்றான் மரியநேசன்.

நாற்பது சட்டியும் அப்படியே. கரண்டி போட்டால் வெட்டு விழுந்தது, தண்ணீர் பிரியவில்லை, புளிப்பு அளவாக இருந்தது, இனிப்புப் பாணி ஊற்றிச் சாப்பிட்ட மாப்பிள்ளை வீட்டார் எந்தக் கடைத் தயிர் என்று கேட்டார்கள். மரியநேசன் என் தோளில் கை போட்டுக்கொண்டு, “கடையோ? இவரின்ர எருமையின்ர தயிர். எங்கட ஊர்த் தயிர்” என்றான். எங்கட ஊர் என்றான் றஸ்மி, என்னையும் சேர்த்துச் சொன்னான். நான் வாங்கிய மாலைகளையும் பிரியாவிடைப் பாராட்டுப் பத்திரங்களையும் எல்லாம் ஒரு பக்கம் வைத்தாலும் இதற்கு ஈடாகாது.

ஆகவே எனது மறுப்பைக் கேட்டுக்கொள்ளவும். நான் காய்ச்சினேன், உறைந்தது. நான் விரல் விட்டேன், உறைந்தது. எனது கேத்தல் படிவில், எனது கிணற்றுத் தண்ணீரில், எனது பார்சலின் பாலில் உறைந்தது. உமது வெப்பமானி இன்னும் பிரிக்காத பெட்டியில் இருக்கிறது. இந்த மண்ணில் பால் உறையும், நெல் விளையும், மனிதனும் இருப்பான். நான் வரமாட்டேன். எருமை ஒன்றும் விற்பனைக்கில்லை.

ஒன்றை மட்டும் உம்மிடம் மறைக்க எனக்கு மனமில்லை. உமது ராத்தாவுக்குப் புத்தளம் வர ஆசை. அவள் வாய் திறந்து சொன்னதில்லை. நாற்பத்தொரு வருஷம் கூட இருந்தவனுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? நீர் தொலைபேசியில் கதைத்து வைத்தால் அன்றைக்கு முழுக்க அவளிடம் பேச்சுக் குறைந்துவிடும். கூடப்பிறந்தவர்கள் எல்லாம் அங்கே, இங்கே அவளுக்கு என்னையும் மகன் குடும்பத்தையும் எருமைகளையும் விட்டால் யார்? நேற்று எல்லோரும் கைதட்டியபோது நானும் சிரித்தேன், ஆனால் அவளைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. எனது வீம்புக்காக அவளுடைய ஆசையைக் கொன்றுவிட்டேனோ என்று நெஞ்சு குத்தியது. நீர் அடிக்கடி வந்து போனால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.

உமது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாம். உமது இரத்த அழுத்தத்தையும் நாவையும் அல்லாஹ் கட்டுக்குள் வைப்பானாக. உமது வீட்டில் பரக்கத் பெருகட்டும், உமது கைபட்ட பாலும் ஒரு நாள் உறையட்டும். ஆமீன்.

இப்படிக்கு,
தோல்வி அறியாத மச்சான்,
ஆ. மஹ்றூப்
(ஓய்வுபெற்ற தபாலதிபர், தற்போது தயிர் உற்பத்தியாளர்)

பின்குறிப்பு:

கடிதத்தை உறையில் போட்டுப் பசை தடவும் நேரத்தில் உமது ராத்தா வந்து, “தம்பிக்கா? ஒருக்காத் தாங்கோ” என்றாள். என் கடிதங்களை அவள் வாசிக்கக் கேட்டது இதுதான் முதல் தடவை. கதிரையில் இருந்து இரண்டு தரம் வாசித்தாள். பிறகு, “இதில பிழை இருக்கு, திருத்தித்தான் அனுப்போணும்” என்றாள். எழுத்துப் பிழையென்று நினைத்துப் பேனையை எடுத்தேன்.

“நீங்க பொங்கினதும் இறக்கிப்போட்டுக் குளிக்கப் போனீங்க. நான் திரும்ப அடுப்பில ஏத்திக் கால்மணித்தியாலம் கிண்டினனான். நீங்க விரலை விட்டுச் சரி எண்டு சொன்ன நேரம் பாலில ஆவி பறந்துகொண்டிருந்தது. சின்ன விரலும் செத்த விரல்தான். நீங்க பள்ளிக்குப் போன பிறகு ஒரு மணித்தியாலம் ஆற விட்டுத்தான் உறை ஊத்தினன். பார்சலின்ட பாலை நாலு நாளா வேறயாக் கறந்து வெளியில ஊத்துறன், மிருக வைத்தியர் வந்து ஊசியும் போட்டுட்டுப் போட்டார்.”

“கேத்தல் தூள்?” என்று கேட்டேன். அதையாவது விட்டுவைப்பாள் என்று நினைத்தேன்.

“கோழிக்குப் போட்டன். முட்டை ஓடு நல்லா இறுகியிருக்கு.”

ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னனான். கடற்காத்து எண்டீங்க” என்றாள். சரி, செய்ததையாவது ஏன் மறைத்தாய், தயிர் உறையாவிட்டால் உன் தம்பியிடம் போயிருக்கலாமே, உனக்கு அதுதானே ஆசை என்று கேட்டேன். அவள் கடிதத்தை மேசையில் வைத்தாள்.

“ஆர் சொன்னது எனக்கு ஆசை எண்டு? தம்பி கதைச்சா, இவனுக்கு எப்பிடி மறுப்புச் சொல்லுறது எண்டு அண்டைக்கு முழுக்க யோசிப்பன், அதுதான் பேச்சு வாறதில்ல. நீங்க தோத்தாச் சொன்ன சொல்லுக்காக லொறியில ஏறுவீங்க. பிறகு நானும் ஏறோணும். இருபத்தெட்டு வருஷம் அங்க இருந்தன். முகாமில, வாடகை வீட்டில, கடைசியாத் தம்பிட வீட்டுப் பின்பக்கத்தில. அவன் என்னைக் குறையில்லாமத்தான் பாத்தான். ஆனா ஒரு நாளும் ஆரையும் கேக்காம நான் அடுப்பு மூட்டினதில்ல. இஞ்ச மூட்டுறன்.”

றஸ்மி, நாற்பத்தொரு வருஷம் இந்தப் பெண்ணோடு இருந்து நான் அறிந்தது இவ்வளவுதான். மேலே எழுதியதில், நான் செய்தேன் என்று வரும் இடங்களில் எல்லாம் உமது ராத்தாவின் பெயரைப் போட்டு வாசிக்கவும். கேத்தல் படிவு பற்றிய பகுதியை வாசிக்கவே வேண்டாம். அவளுடைய ஆசையைப் பற்றி எழுதியது முழுக்கப் பிழை, அதைக் கிழித்துவிடவும். புதிதாக ஒரு கடிதம் எழுதலாம் என்றால், “வேண்டாம், இதையே அனுப்புங்கோ, அவனும் வாசிக்கட்டும்” என்கிறாள். பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு வரியைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்கிறாள், தானே கையெழுத்தும் வைக்கிறாளாம்.

லொறி வேண்டாம்.

சபூறா